வளையல்காரரும் காணாமல் போன வளையமும்

கோயமுத்தூர்ச் சீமையில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைக்காததற்காகச் சொந்தத் தம்பி வீட்டு வாசலைப் பத்து வருஷம் மிதிக்காதவரை எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளுக்காக, கண்ணுக்குத் தெரிகிற அத்தனை பேரையும் படுத்தியெடுத்த மனிதர் ஒருவர்தான். அவரைப் போல இன்னொருவர் பிறந்திருந்தால் இந்த ஜில்லா தாங்கியிருக்காது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் வாங்கும்போது மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் வளையல்காரர்தான். அந்தப் பெயர் வரக் காரணம் என் அம்மா.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வேலைக்காகக் காத்திருந்தேன். மதுக்கரைக்கு வெளியே ஒரு மில் முதலாளி புதிதாக உயிர் உரக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். நூல் விலை படுத்துவிட்டதால் வேறு எதிலாவது கால் வைக்கலாம் என்று யாரோ யோசனை சொல்ல, அவர் வைத்த கால் பாக்டீரியாவின் மேல் விழுந்தது. விதையோடு கலந்து விதைக்கிற பாக்டீரியாவை வளர்த்து, கருப்புப் பொடியில் கலந்து, பாக்கெட் போட்டு விற்பதுதான் தொழில். அங்கே ஆய்வகத்துக்குப் பொறுப்பு இந்த வளையல்காரர். இவருக்கு உதவியாளர் நான்.

சேர்ந்த முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் மொபெட் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர்.

"அம்மணி, கெளம்புங்க. பூச்சி ரெடியாயிருச்சு."

"சார், இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க."

"நமக்குத் தெரியுமுங்க. பாக்டீரியாவுக்குத் தெரியாதுங்களே?"

அம்மா வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்தாள்.

"தம்பி என்ன சோலி பாக்கறீங்க?"

"வளையமுங்க."

"வளையலுங்களா?"

"வளையமுங்க. கண்ணுக்குத் தெரியாது. தொட்டா ஒடஞ்சுபோயிரும். ஒடையாம வெளிய எடுக்கறதுதானுங்க நம்ம சோலி."

அம்மா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "வளையல் யாவாரத்துக்கா கண்ணு உன்னய எம்.எஸ்ஸி. படிக்க வெச்சோம்?" என்றாள். மறுநாளே குவார்ட்டர்ஸ் முழுக்க அவர் வளையல்காரர். அடுத்த வாரம் கம்பெனியிலும். அவரும் மறுக்கவில்லை. "பாதி சரிதானுங்களே" என்று சந்தோஷப்பட்டார்.

அந்த வளையம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேரோடு கூட்டு வைத்து வாழ்கிற பாக்டீரியா சில உண்டு. பயறு, தக்கைப்பூண்டு மாதிரிச் செடிகளின் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். இதை எப்படிச் செய்வது என்ற பாடம் அதன் தலைமை மரபணுத் தொகுப்பில் எழுதியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் தக்கைப்பூண்டுப் பாக்டீரியாவில் அப்படி இல்லை. தனியாக ஒரு மரபணு வளையம், பிளாஸ்மிட் என்று பெயர், அதற்குள் இருக்கும் அந்தப் பாடம். வளையம் இருந்தால் முடிச்சு வரும். வளையம் தொலைந்தால் பாக்டீரியா சாகாது. ஜம்மென்று தின்று பெருகும். ஆனால் பெருகி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த வளையம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இவருடைய உயிர்மூச்சு. கடற்பாசிக் கூழில் அல்வாத் துண்டு மாதிரி ஒன்று செய்து, அதன் குழியில் பாக்டீரியாவை விட்டு, அங்கேயே அதை மெதுவாக வெடிக்க வைத்து, கரண்ட் விட வேண்டும். வளையம் உடையாமல் வெளியே வந்தால், விசேஷ விளக்கின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். கொஞ்சம் அதிர்ந்தால் போச்சு. வளையம் நொறுங்கிவிடும்.

அதனால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதிரக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. கதவைச் சாத்தக் கூடாது, திறந்து வைக்கவும் கூடாது, காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும். தும்மல் வந்தால் தோட்டத்துக்கு ஓட வேண்டும். பாக்கெட் ஒட்டுகிற பெண்கள் சிரித்தால் மேஜை ஆடுகிறது என்று அவர்களைச் சிரிக்க வைக்காத மேஸ்திரியாகப் பார்த்துப் போடச் சொன்னார். முதலாளி கொஞ்சம் கனமான ஆள். அவர் உள்ளே நுழைந்தாலே இவர் இரண்டு கைகளையும் நீட்டி, "மெதுவாங்க, மெதுவாங்க, பஞ்சு மேல நடக்கற மாதிரி வாங்க" என்பார்.

"நம்ம கம்பெனிங்க இது," என்பார் முதலாளி, பரிதாபமாக.

"கம்பெனி உங்களுதுதானுங்க. அதிர்ச்சி வளையத்துக்குங்களே."

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த சண்டை. வெளியே ஒரு பெரிய எதிரி இருந்தது. மதுக்கரை என்றால் சுண்ணாம்புக்கல். பக்கத்துக் குவாரியில் வேட்டு வைத்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடும். அந்த நேரத்தில் கூழில் வளையம் ஓடிக்கொண்டிருந்தால் இவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பெற்ற பிள்ளை மாடியிலிருந்து விழுந்ததைப் போல நிற்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு குவாரிக்கே போய்விட்டார்.

வேட்டுக்காரர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, காலைல வெக்கற வேட்ட மத்தியானத்துக்கு மாத்தி வெக்க முடியுங்களா?"

"ஏனுங்க? ஊட்டுல யாராச்சும் மாசமா இருக்கறாங்களா?"

"மாசமெல்லாம் இல்லீங்க. பாக்டீரியாவுங்க."

வேட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். "பாவம், ஏதோ பெரிய வியாதியாட்ட இருக்குது" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அன்றிலிருந்து வேட்டு வைக்கும் முன் சைக்கிளில் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு எங்கள் வாசல் வரை வந்து, "வெக்கப் போறமுங்க, நோயாளியக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். வளையல்காரரும் உள்ளே ஓடி, கூழ் வைத்த கண்ணாடித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று என் அம்மாவுக்குத் தோன்றியது. காங்கேயத்துப் பக்கம் சொந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஓட்டலில் சாப்பிடுகிறார், இது போதும் அம்மாவுக்கு. எங்கள் பின் தெருவிலேயே ஒரு பெண். அப்பாவுக்கு ரயில்வேயில் கார்டு உத்தியோகம், கண்டிப்பானவர். அம்மா வளையல்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கூட்டிப் போனாள்: வாயைத் திறக்காமல் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வர வேண்டும்.

பஜ்ஜி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண்ணின் அப்பா மரியாதைக்கு, "தம்பி ஆராய்ச்சி பண்றீங்களாமே, என்னன்னு சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்" என்றார். அவ்வளவுதான்.

"நம்மள மாதிரி இல்லீங்க மாமா அது. நமக்கெல்லாம் அப்பன் சொத்து மகனுக்கு. பாக்டீரியா என்ன பண்ணும் தெரியுங்களா? பக்கத்துல எவன் நின்னாலும் ஒரு பாலத்தப் போட்டு, தன்னோட வளையத்துல ஒரு நகலக் குடுத்துப்போடும். ஒறம்பரையா இருக்கோணும்னு இல்லீங்க. சொந்தம் வேண்டாம், பந்தம் வேண்டாம். வேற சாதியா இருந்தாலும் குடுத்துரும்."

கார்டுக்காரர் கையில் காபி டம்ளர் பாதியில் நின்றது.

"அப்புடிப் பரிமாறிப் பரிமாறித்தானுங்க மண்ணுல இத்தன தினுசு வந்துச்சு," என்று வளையல்காரர் பஜ்ஜியால் மேஜையில் வட்டம் போட்டுக் காட்டினார். "தன் சாதிக்குள்ளயே வெச்சுக்கிட்டது பூராவும் என்னைக்கோ அழிஞ்சுபோச்சுங்க."

"ஏனுங்க," என்றார் கார்டுக்காரர், என் அம்மாவைப் பார்த்து, "தம்பி சம்மந்தம் பேச வந்தாருங்களா, சங்கம் ஆரம்பிக்க வந்தாருங்களா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். அவர், "நல்ல மனுஷங்கதான், வெவரம் கேட்டாங்க பாருங்க" என்று கூடவே வந்தார்.

இப்படி நாங்கள் அவரைச் சகித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோடை வந்தது.

கோபிசெட்டிபாளையத்தில் நெல் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுவார்கள். அதுவே நெல்லுக்கு உரம். அந்த வருஷம் கோபி உரக்கடைகளிலிருந்து எங்கள் பாக்கெட்டுக்கு எதிர்பாராத கிராக்கி. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகத்துக்குள் பஞ்சு மேல் நடப்பதை மறந்து தடதடவென்று வந்தார்.

"சார், மில்லுல ஆர்டர் வந்தா ஸ்பீடு ஏத்துவமுங்க. இங்கயும் ஏத்துங்க. சூடு கொஞ்சம் கூட வெச்சா பூச்சி வெசையாப் பெருகுமாமே?"

"பூச்சி பெருகுமுங்க. வளையம் கழண்டுக்கும்."

"எல்லாத்துக்கும் வளையந்தானுங்களா? கதவச் சாத்துனா ஒடையும்னீங்க. சிரிச்சா ஒடையும்னீங்க. போன வாரம் நான் ஏப்பம் விட்டதுக்கு மொறச்சீங்க. இப்பச் சூடா?"

"அதெல்லாம் வெளிய எடுக்கறப்ப ஒடையறதுங்க. இது பூச்சிக்குள்ளயே காணாமப் போறதுங்க. சூட்டுல வளர்ந்தா அதுக்கு அந்த வளையம் ஒரு வேண்டாத சுமைங்க. தூக்கிப்போட்டுட்டு ஓடுற குட்டிதான் முந்திக்கும்."

யாரும் நம்பவில்லை. நாள் முழுக்கப் புலி வருது புலி வருது என்று கத்துகிறவர் சொன்னால் யார் நம்புவார்கள்? வளர்ப்பு அறையில் சூடு ஏற்றப்பட்டது. பாக்டீரியா மளமளவென்று பெருகியது. வேன் நிறைய பாக்கெட் கோபிக்குப் போனது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். வளையல்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், தின்னவில்லை.

பிறகு அந்தப் பாக்டீரியாவில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். பார்க்க விட வேண்டுமே! கூழ் ஓடும்போது கரண்ட் போகும். கரண்ட் இருந்தால் சிவப்புக் கொடி வரும். எல்லாம் கூடி வந்தால் படம் எடுக்கிற போலராய்டு பிலிம் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் முதலிலிருந்து செய்யச் சொல்வார். "அம்மணி, இன்னும் ஒருக்கா." அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு இன்றும் பல் கூசும்.

ஒருவழியாக ஒரு பகல் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டோம். முதல் குழியில் பழைய பாக்டீரியா. அழகாக ஆரஞ்சுக் கோடு. அடுத்ததில் கோபிக்கு அனுப்பியது. கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"நான் சொன்னேன் பாத்தீங்களா" என்று குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுங்க அம்மணி. வெதைச்சிருப்பாங்களே," என்றார்.

முதலாளியிடம் சொன்னோம். நல்ல மனிதர்தான், அவரும் ஆடிப்போய்விட்டார். "நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். இதுல எங்கீங்க முடிச்சுப் போடறது?" என்று கேட்டார். போட முடியாது என்றதும் சூட்டைக் குறைக்கச் சொன்னார். பழைய பாக்டீரியாவை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். "ஆனா வெளிய மூச்சு விடாதீங்க. மண்ணுல ஏற்கெனவே இருக்கற பூச்சி பாத்துக்கும். ஆரு கண்டா?" என்றார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் மொபெட் சத்தம்.

"கெளம்புங்க அம்மணி. கோபிக்குப் போலாம்."

"முதலாளி மூச்சு விடாதீங்கன்னாரே சார்?"

"விட மாட்டனுங்க. பேசத்தான் போறேன்."

மொபெட்டை எங்கள் வாசலில் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். முன் சீட்டு முதுகில் விரலால் வளையம் போட்டு, பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அவர் கோபிக்கு டிக்கெட் எடுத்தவர், அவிநாசியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

உரக்கடையில் விசாரித்தோம். எங்கள் பாக்கெட்டை அதிகம் வாங்கியவர் வாய்க்கால் கரையில் தோட்டம் வைத்திருக்கும் பொன்னுச்சாமி அண்ணன் என்றார்கள். வாழையும் மஞ்சளுமாக இருந்த பூமியை அந்த வருஷம்தான் நெல்லுக்குத் திருப்பியிருந்தாராம். தக்கைப்பூண்டு அந்த மண்ணுக்கே புதிது. தோட்டத்தில் யாரும் இல்லை. நான் வாய்க்காலில் கால் கழுவப் போனேன். வளையல்காரர் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினார்.

செடி மஞ்சள் பாய்ந்து, நோஞ்சானாக நின்றது. இவர் பிடுங்கினார். வேரைப் பார்த்தார். முடிச்சு இல்லை. அடுத்ததைப் பிடுங்கினார். இல்லை. இப்படிப் பிடுங்கிக்கொண்டே போனவர் எதிரில் ஒரு ஆள் நிற்பதைக் கவனிக்கவில்லை. நான் கரையேறும்போது பேச்சு காதில் விழுந்தது.

"தம்பி, அப்படியே கொஞ்சம் நில்லுங்க. கையில என்னங்க?"

"செடிங்க."

"யாரு செடிங்க?"

"உங்க செடிங்களாட்ட இருக்குதுங்க."

"கேட்டீங்களா?"

"கேக்க ஆளு இல்லீங்களே."

"ஆளு இல்லாதப்ப எடுத்தா அதுக்கு ஒரு பேரு இருக்குதுங்க. என்ன பேருங்க?"

வளையல்காரர் பரீட்சையில் பதில் சொல்வது போலச் சொன்னார்: "திருட்டுங்க."

"கரெக்டுங்க. கொஞ்சம் இந்தத் தென்னமரத்துப் பக்கமா வாங்க. கட்டிப்போடோணும். வெயிலு படாம நெழல்லயே கட்டறனுங்க."

எங்கள் ஊர் மரியாதைக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இவரும் போய் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாகாக நின்றார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பொன்னுச்சாமி அண்ணன் தேங்காய் நார்க் கயிற்றால் பாதி கட்டி முடித்திருந்தார். இவர் கட்டுப்பட்டபடியே பேச ஆரம்பித்தார். நாங்கள் எந்தக் கம்பெனி, பாக்கெட்டில் என்ன தப்பு, சூடு ஏற்றியது, வளையம் கழன்றது, செடி ஏன் மஞ்சளாக நிற்கிறது, எல்லாம். ஒரு வார்த்தை கூடக் குறைக்கவில்லை. நான் கண்ணால் காட்டினேன், இருமினேன், காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

பொன்னுச்சாமி அண்ணன் முடிச்சில் கை வைத்தபடியே நின்றார்.

"அப்ப உங்க பாக்கெட்டு சரியில்லைன்னு சொல்ல நீங்களே வந்தீங்களா?"

"ஆமாங்க. நீங்க இந்தச் செடிய நம்பி நெல்லு நட்டுப்போட்டீங்கன்னா வெள்ளாமை போயிருமுங்க. இதுல சத்து இல்லீங்க."

"இப்ப நான் என்னங்க பண்றது?"

வளையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கெட்ட வார்த்தையைச் சொல்வது போலச் சொன்னார்: "நெல்லுக்கு யூரியா போடோணுமுங்க."

அதற்குள் அந்த வீட்டம்மா மோர்ச் சொம்போடு வந்தார். நடந்ததைக் கேட்டார். கணவரைப் பார்த்தார். "கட்டிப்போட்ட ஆளுக்கு மோரு எப்புடிக் குடுக்கறது? அவுத்துவுடுங்க மொதல்ல," என்றார்.

அத்தோடு முடிந்ததா? அடுத்த வாரம் வளையல்காரரே பொன்னுச்சாமி அண்ணனுக்காக யூரியா மூட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கோபி கடைவீதியில் நடந்திருக்கிறார். உயிர் உரக் கம்பெனிக்காரர் யூரியா சுமந்து போகிற காட்சியைப் பார்த்த உரக்கடைக்காரர் முதலாளிக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிவிட்டார். கோபம் மிஞ்சினால் முதலாளி வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பாதி நாள் தெலுங்கிலேயே இருந்தார். சாயங்காலம் தமிழுக்குத் திரும்பி, "நாளையிலருந்து நீங்க வர வேண்டாங்க சார்" என்றார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வளையல்காரர் வந்து வெள்ளைக் கோட்டை மாட்டினார்.

"வர வேண்டாம்னு சொன்னனுங்களே?"

"சொன்னீங்க. பூச்சிக்கெல்லாம் ஆருங்க சோறு போடறது? அதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு?"

முதலாளி அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். இப்படிக் காலையில் அவர் வேலையை விட்டு நீக்குவதும், இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேலை பார்ப்பதுமாக அந்த வாரம் போனது. அப்போதுதான் பொன்னுச்சாமி அண்ணன் வாசலில் வந்து இறங்கினார்.

முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. வக்கீல் நோட்டீஸ் என்று முடிவு செய்து, பாக்கெட் ஒட்டுகிற அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த உடம்புக்கு அங்கே மறைவு போதவில்லை. பொன்னுச்சாமி அண்ணன் நேராக அவர் எதிரில் வந்து கும்பிட்டார்.

"முதலாளிங்களா? உங்க கம்பெனித் தம்பி செருப்ப எங்க வரப்புலயே விட்டுப்போட்டு வந்துட்டாருங்க. அடுத்த தடவ வந்தப்பவும் எடுக்கல, வெறுங்காலோட திரியறாரு. அதான் கொண்டாந்தேன்." காகிதத்தைப் பிரித்துக் கீழே வைத்தார். "இந்த வாரம் காணமே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

முதலாளி செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தானுங்க இருக்கறாரு. இங்கதான் இருக்கறாரு, எங்கயும் போக மாட்டாரு," என்றார். மறுநாள் காலை நீக்கல் நடக்கவில்லை. அந்த வேனில் போன பாக்கெட்டுகளில் விற்காமல் கிடந்ததையெல்லாம் கடைகடையாகத் திரும்ப வாங்கிவரச் சொல்லி அவரே ஆள் அனுப்பினார்.

அடுத்த பருவத்துக்குப் பொன்னுச்சாமி அண்ணன் அதே வயலில் பாக்கெட் ஏதும் கலக்காமல் தக்கைப்பூண்டு விதைத்தார். வளையல்காரர் போய்ப் பார்த்தார், இந்தத் தடவை கேட்டுவிட்டுப் பிடுங்கினார். செடி பச்சையாக நின்றது. வேரில் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம், வேலை செய்கிற முடிச்சு. ஏதோ நாட்டுப் பாக்டீரியா வாய்க்கால் தண்ணீரில் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்து, வழக்கம்போல முடிச்சுகளை அள்ளிக்கொண்டு வந்து என் மேஜையில் கொட்டினார்.

எங்கள் பாக்டீரியாவுக்கு நாங்கள் ஒரு அடையாளம் வைத்திருந்தோம். குறிப்பிட்ட இரண்டு மருந்துகளை ஊற்றினாலும் அது சாகாது, மண்ணில் உள்ள மற்றவை செத்துப்போகும். அந்த முடிச்சுகளில் இருந்து எடுத்த பாக்டீரியாவை மருந்து கலந்த தட்டுகளில் வைத்தேன். பெரும்பாலானவை செத்தன. சில தட்டுகளில் மட்டும் ஜம்மென்று வளர்ந்தன. எங்களுடையதேதான். வளையம் தொலைத்துவிட்டுப் போன அதே உதவாக்கரை. அது எப்படி முடிச்சுக்குள் வந்தது?

கூழில் ஓட்டினோம். கோடு இருந்தது. ஆனால் எங்கள் பழைய வளையம் நிற்கிற இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி. பக்கத்துக் குழியில், மருந்தில்லாமல் தனியாக வளர்த்த நாட்டுப் பாக்டீரியாவை ஓட்டியிருந்தேன். அதன் வளையம் எங்கே நின்றதோ, அதே இடத்தில் எங்களுடையதும் நின்றது. நாங்கள் தொலைத்ததை அந்த மண்ணின் பாக்டீரியா பாலம் போட்டுக் கொடுத்திருந்தது.

நான் போலராய்டில் படம் எடுத்தேன். இவர் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மணி, இன்னும் ஒருக்கா."

நான் அழுதுவிட்டேன். உண்மையாகவே அழுதேன். "கண்ணு முன்னால இருக்குதுங்களே சார்!"

"நமக்குப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க. அதான் பயமா இருக்குது. நாம ஆசப்பட்டது கண்ணுல தெரிஞ்சா, ரெண்டு மடங்கு சந்தேகப்படோணும்."

அந்த மழைக்காலம் முழுக்க அதையே செய்தேன். வேறு முடிச்சு, வேறு தட்டு, வேறு கூழ். நான் தப்பாகக் கலந்திருப்பேன் என்று அவர் செய்தார். அவர் தப்பாகக் கலந்திருப்பார் என்று மறுபடியும் என்னைச் செய்யச் சொன்னார். அவர் தலையில் ஆசிட் ஜாடியைக் கவிழ்க்கலாமா என்று சில சமயம் தோன்றும். ஒவ்வொரு தடவையும் கோடு அதே இடத்தில் வந்து நின்றது. கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதும் கட்டுரை எழுத உட்காரவில்லை, முதலாளியிடம் போகவில்லை. கோபி பஸ்ஸைப் பிடித்தார், என்னையும் இழுத்துக்கொண்டு.

பொன்னுச்சாமி அண்ணன் முழுவதும் கேட்டார். 

"அப்ப, உங்க பூச்சி தொலச்சத எங்க மண்ணு குடுத்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"கேக்காமயேங்களா?"

"கேக்காமயேங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, இருக்கட்டுமுங்க. வெச்சுக்கங்க," என்றார். பிறகு எழுந்து, சாப்பாட்டுக்கு இலை அறுக்கப் போனார்.

தொண்ணூறுகள் முடியும் முன்பே நூல் விலை ஏறியது, முதலாளி மில்லுக்கே திரும்பிப்போனார், கம்பெனியை மூடினார். வளையல்காரருக்கு வடக்கே தூரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. போத்தனூர் ஸ்டேஷனில் வழியனுப்ப அம்மாவும் நானும் போனோம். அம்மா கட்டுச்சோறு கொடுத்தாள். அங்கேயாவது பெண் பார்க்கப் போனால் வாயைத் திறக்க வேண்டாம் என்று புத்தி சொன்னாள். அவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரயில் ஊதியது. சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து, படியிறங்கி பிளாட்பாரத்துக்கு வந்தார்.

"அம்மணி, ஒண்ணு சொல்ல மறந்துபோட்டனுங்க. அந்தக் கட்டுரைய அனுப்பிச்சுட்டேன். உங்க பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன்."

"என்ன சார் இது? கண்டுபுடிச்சது நீங்க!"

"நான் சந்தேகந்தானுங்க பட்டேன். இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கான்னு சொன்னதுக்கெல்லாம் செஞ்சது நீங்க. வேற ஆளா இருந்தா ரெண்டாவது தடவையே என்னயக் கொன்னுபோட்டிருப்பாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். நாட்டு வளையம் எங்கள் பாக்டீரியாவுக்குள் எத்தனை தலைமுறை தங்கும், மண் மாறினால் அதைக் கழற்றிவிடுமா, என்னென்னவோ. அவர் முதுகுக்குப் பின்னால் ரயில் நகர்ந்தது. அம்மா, "தம்பி! ரயிலு! ரயிலு!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அவருடைய துணிப்பெட்டி, கட்டுச்சோறு எல்லாம் அதற்குள் வடக்கே கிளம்பிவிட்டன.

ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடி, அடுத்த ஜங்ஷனில் பெட்டியை இறக்கி வைக்கத் தகவல் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த ரயில் சாயங்காலம்தான். அம்மா திட்டிக்கொண்டே அரிசி களைய வீட்டுக்கு முன்னால் நடந்தாள். வளையல்காரர் நடந்ததைப் பற்றிக் கவலையே இல்லாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

நான் வேகத்தைக் குறைத்து, அவர் பக்கத்திலேயே நடந்தேன். சாயங்காலம் வரைக்கும் பேசட்டும் என்றிருந்தது.